பண்ணைக்குப் போன மூணு வீல்சேரும் நம்ம கோயிலோட மூணு படியும்



பதிவு நீளம். ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து எழுதுறோம், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. பொறுமை இல்லாதவங்க கடைசி பத்தியை மட்டும் படிச்சாலும் போதும். ஆனா வாட்ஸ்அப் குழுவுல அந்த வாய்ஸ் மெசேஜுக்கு கைகூப்பு போட்டவங்க எல்லாரும் முழுசா படிக்கணும்னு கேட்டுக்கிறோம்.

பள்ளி விடுமுறையில நம்ம கோயில் குடும்ப தினத்துக்கு ரெண்டு பஸ் எடுத்து ஒரு கால்நடைப் பண்ணைக்குப் போனோம் இல்லையா, அந்த விஷயம்தான். பண்ணை பேரை இங்க எழுதல. அவங்களை மட்டும் திட்டுறதுக்கு இந்தப் பதிவு இல்ல. படிச்சுட்டே வாங்க, திட்டு யாருக்குன்னு தெரியும்.

நம்ம கூட வந்ததுல மூணு பேர் வீல்சேர். முதல்ல நம்ம தேவார வகுப்புத் தம்பி. வயசு 13, பிறந்ததுல இருந்தே இடுப்புக்குக் கீழ பலம் கிடையாது. ரெண்டாவது, பழைய லாரி ஓட்டுநர் ஐயா. இனிப்பு நீர்ல ஒரு காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. மூணாவது நம்ம தையக்கார அக்கா. சின்ன வயசுல போலியோ. கொடியேத்தத்துக்குக் கட்டுற கொடி, அம்மனுக்குச் சாத்துற பாவாடை எல்லாம் அவங்க கையால தைச்சதுதான். பாதி பேருக்கு அது தெரியாது.

போறதுக்கு முன்னாடி நாங்க போன் போட்டு கேட்டோம். ரெண்டு தடவ கேட்டோம். "வீல்சேர் வரலாமா?" "போலே, போலே." இந்த நாட்டுல "போலே"ங்கிற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் இருக்குன்னு நமக்கு தெரியும். வாசல் வரைக்கும் போலே. பார்க்கிங் வரைக்கும் போலே. டிக்கெட் வாங்குறது ரொம்ப ரொம்ப போலே.

போய் இறங்கினா பெரிய பேனர், "குடும்பத்தோட வாங்க"ன்னு. அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளை, நடுவுல ஒரு ஆட்டுக்குட்டி. அந்தப் படத்துல இருக்கிற மாதிரி குடும்பம் நம்ம ரெண்டு பஸ்ல எத்தனைன்னு எண்ணிப் பார்த்தா ஒரு கை விரல் போதும். நம்ம குடும்பத்துல தாத்தா இருக்காரு, பக்கவாதம் வந்த பெரியம்மா இருக்காங்க, இந்தத் தம்பி இருக்கான். இவங்களை வீட்ல விட்டுட்டு வந்தாதான் குடும்பமா?

ஓகேயு கார்டு காட்டினதும் டிக்கெட்டு பாதி விலை. ஐயா சந்தோஷப்பட்டாரு. உள்ள போனப்புறம்தான் கணக்கு புரிஞ்சது. பாதி விலைக்குக் கால்வாசி கூட பார்க்க முடியாது.

வாசல் தாண்டினதும் சரளைக்கல். வீல்சேர் தள்ளாதவங்களுக்கு இது விளங்காது, அதனால சொல்றோம். வீல்சேரோட முன் சக்கரம் ரெண்டும் சின்னது. சரளையில அது அப்படியே புதையும். வேகமா தள்ளினா வண்டி நிக்கும், உட்கார்ந்திருக்கிறவர் முன்னால பாய்ஞ்சு விழுவாரு. திருப்பி, பின் பக்கமா இழுத்துட்டுத்தான் போகணும். பெரிய சக்கரம் முன்னால உருண்டா கொஞ்சம் நகரும். நாங்க நாலு பேர் மாத்தி மாத்தி இழுத்தோம். அதாவது தம்பி அந்தப் பண்ணையைப் பின்னோக்கிப் பார்த்துட்டே போனான். எல்லாரும் ஆட்டைப் பார்க்க, அவன் மட்டும் பார்க்கிங்கைப் பார்த்தான்.

ஆட்டுக் கொட்டகை, தெரியும்ல, தரையில இருந்து உயர்த்திக் கட்டியிருப்பாங்க. புழுக்கை கீழ விழணும், ஆடு காயணும், ஈரம் ஆகாது. அது நல்ல முறைதான், குறை சொல்லல. ஆனா ஏறுறதுக்கு அஞ்சு மரப்படி. முயல் கூண்டு பக்கம் போக ஒரு ஒத்தையடி வழி, நடுவுல சுழல் கதவு, டேப் வச்சு அளந்தோம், 58 சென்டிமீட்டர். சாதாரண வீல்சேரே 65 வரைக்கும் வரும். மாட்டு வண்டி மாதிரி ஜோடிச்ச டிராக்டர்ல சவாரி, அதுல ஏற ரெண்டு இரும்புப் படி. வாத்துக் குளம் மட்டும் சிமெண்ட் பாதை. அக்கா சிரிச்சுட்டே சொன்னாங்க: "வாத்துக்காவது நம்ம மேல இரக்கம் இருக்கு தம்பி."

டாய்லெட் கதையையும் சொல்லிடுறோம். ஓகேயு டாய்லெட் இருந்துச்சு. கதவுல நீல நிறப் படமும் இருந்துச்சு. திறந்தா உள்ள துடைப்பம், வாளி, அஞ்சு மூட்டை தீவனம். மூட்டையை நாங்கதான் வெளிய தூக்கி வச்சோம். வச்சுட்டு திரும்பிப் பார்த்தா ஒரு ஆடு அதைப் பிரிச்சு தின்னுட்டு இருக்கு. நம்ம பொருளாளர் கையில வச்சிருந்த ரசீதையும் சேர்த்து தின்னுடுச்சு. அதனாலதான் அந்த நாள் கணக்குல ஒரு ரசீது இல்ல. பொதுக்கூட்டத்துல யாரும் கேள்வி கேட்கக் கூடாது, சாட்சி இருக்கு.

கை கழுவுற தொட்டி மேடை மேல. மிருகத்தைத் தொட்டா கை கழுவணும்னு சுவர் பூரா ஒட்டியிருக்காங்க, சரிதான், சாணத்துல கிருமி இருக்கு, பிள்ளைகளுக்கு வயித்துப்போக்கு வரும். ஆனா தானே சக்கரத்தைத் தள்ளிட்டு வர்றவங்களுக்கு, மிருகத்தைத் தொடலைன்னாலும் கையில அழுக்குதான். தரையில கிடக்கிறது எல்லாம் சக்கரத்துல ஒட்டி கைக்கு வரும். முதல்ல கழுவ வேண்டியவங்களுக்குத்தான் தொட்டி எட்டல. ரெண்டு மினரல் வாட்டர் போத்தல் ஊத்திக் கழுவினோம்.

அங்க ஒரு நல்லதும் நடந்துச்சு, அதையும் மறைக்கக் கூடாது. தீவனம் போடுற வங்காளதேசத் தம்பி ஒருத்தர். நாங்க சரளையில மல்லுக்கட்டுறதைப் பார்த்துட்டே இருந்தாரு. யாரும் கேட்கல, முதலாளியும் சொல்லல. கொட்டகைக்குப் பின்னால இருந்து ரெண்டு பிளைவுட் பலகை கொண்டுவந்து போட்டாரு. ஒண்ணுல ஏறினதும் இன்னொண்ணை எடுத்து முன்னால வைப்பாரு. அப்படியே மாத்தி மாத்தி, நிழல் இருக்கிற இடம் வரைக்கும். அப்புறம் போய் ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்து தம்பி மடியில விட்டாரு. பிறந்து ரெண்டு வாரம் இருக்கும். தம்பி கை அசைக்காம அப்படியே உட்கார்ந்திருந்தான், குட்டி பயந்துடும்னு. அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் அவன் வந்தான்.

பண்ணை மேற்பார்வையாளர்கிட்ட பேசினோம். மரியாதையாத்தான் பேசினாரு. "இது இயற்கைப் பண்ணை, சிமெண்ட் போட்டா இயற்கை போயிடும்"னாரு. கார் நிறுத்துற இடம் பூரா தார். கடை போட்ட இடம் பூரா டைல்ஸ். காசு வாங்குற இடத்துல எல்லாம் இயற்கை ஏற்கனவே போயிடுச்சு போல. நாங்க கேட்டது ஒரு மீட்டர் அகலத்துல கெட்டியான பாதை, அகலமா ஒரு சின்ன கதவு, ஒரு சாய்வு மேடை. இயற்கையை யாரும் எடுத்துட்டுப் போகல.

இதெல்லாம் பிச்சை இல்லைங்க. 2008-லயே மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தாச்சு, சட்டம் 685. பொதுமக்களுக்குத் திறந்திருக்கிற கட்டடம், வசதி, சேவை எல்லாத்துலயும் அவங்களுக்கு மத்தவங்க மாதிரியே உரிமை உண்டுன்னு அதுல இருக்கு. பொழுதுபோக்குக்கும் உரிமைன்னு தனியா ஒரு பிரிவே இருக்கு. 2010-ல மலேசியா ஐ.நா. உடன்படிக்கையிலயும் சேர்ந்துச்சு. எம்எஸ் 1184ன்னு ஒரு தர அளவுகோல் இருக்கு, ரேம்ப் எவ்வளவு சாய்வு, கதவு எவ்வளவு அகலம்னு அளவு போட்டு எழுதியிருக்கு. இருந்தும் ஏன் நடக்கல? ஏன்னா அந்த 2008 சட்டத்துல உரிமை இருக்கு, மீறினா தண்டனைன்னு ஒண்ணு இல்ல. பேக்டரியில ஒரு விதி எழுதி, மீறினா என்னன்னு எழுதாம விட்டா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். ஹெல்மெட் ஆணியில தொங்கும்.

சரி. இப்ப வீட்டுக்கு வருவோம்.

பண்ணையில இருந்து திரும்பின மறுநாள் நம்ம குழுவுல ஒரு அண்ணன் வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. பேர் சொல்லல, அவரும் கோயிலுக்கு உழைக்கிறவர்தான், அந்த மரியாதை எங்களுக்கு இருக்கு. சொன்னது இதுதான்: "வீல்சேர் ஆளுங்களை எதுக்கு இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் இழுத்துட்டுப் போறீங்க, அவங்களுக்கும் கஷ்டம், மத்தவங்களுக்கும் லேட்டு. அவங்களுக்குன்னு தனியா ஒரு நாள் வச்சு, மண்டபத்துல சாப்பாடு போட்டு, ஒரு ஹேம்பர் குடுத்து அனுப்பிடலாமே." அதுக்குக் கீழ வரிசையா கைகூப்பு.

அண்ணே, ஒண்ணு கேக்குறோம். லேட்டு ஆனது யாரால? சரளைக்கல்லால. மூட்டை அடைச்ச டாய்லெட்டால. 58 சென்டிமீட்டர் கதவால. தம்பியால இல்ல. தம்பி காலையில ஆறு மணிக்கே குளிச்சு திருநீறு பூசி வாசல்ல இருந்தான். ஏழரைக்குக் கிளம்ப வேண்டிய பஸ் எட்டே காலுக்குக் கிளம்பினது நடக்க முடிஞ்சவங்க நாசி லெமாக் வாங்கப் போனதால. அதுக்கு யாரும் வாய்ஸ் மெசேஜ் போடல.

தனி நாள், ஹேம்பர். எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் அந்த மூணு பேர்ல யாருக்கும் மைலோ டின்னு தேவைப்படல. ஐயா பென்ஷன்ல இருக்காரு, அக்கா தன் சொந்தக் கைத்தொழில்ல சம்பாதிக்கிறாங்க, போன வருஷம் அன்னதானத்துக்கு ஒரு நாள் உபயம் எடுத்ததே அவங்கதான். தம்பிக்குத் தேவைப்பட்டது ஆட்டுக்குட்டி. தன் வயசுப் பிள்ளைகளோட பஸ்ல பின் சீட்ல உட்கார்ந்து கத்திட்டு வர்றது. தனியா ஒரு நாள் வச்சா அதுல மத்த பிள்ளைங்க இருப்பாங்களா?

இன்னொருத்தர் எழுதினாரு, "எல்லாம் பூர்வ ஜென்ம கர்மா, நாம என்ன செய்ய முடியும்"னு. இதைப் படிச்சப்பதான் எங்களுக்கு உண்மையிலேயே கோபம் வந்துச்சு. சர்க்கரை நோய்ல கால் போனது போன ஜென்மத்து வினையா? நம்ம சனங்க மத்தியில சர்க்கரை எந்த அளவுல இருக்குன்னு டயாலிசிஸ் சென்டர்ல போய் உட்கார்ந்து பாருங்க. அன்னதானத்துல கேசரியும் பாயாசமும் ரெண்டாவது தடவ ஊத்துறது நாம. அப்புறம் கால் போனா கர்மான்னு சொல்றதும் நாம. கர்மா பேசணும்னா இப்படிப் பேசுங்க: அவருக்கு முன்னால நாம மூணு படி கட்டி வச்சிருக்கோமே, அது யாரோட கர்மா கணக்குல எழுதப்படும்?

ஆமா, மூணு படி. நம்ம கோயில் படியைத்தான் சொல்றோம். பண்ணையைத் திட்டுறதுக்கு முன்னால நாங்க டேப்பை எடுத்துட்டு வந்து நம்ம வாசலை அளந்தோம். ஒரு படி 15 சென்டிமீட்டர், மூணு படி 45. பக்கவாசல் இருக்கு, அதுல ஒரு ரேம்ப் இருக்கு, சிலர் சொல்லுவீங்க. அது ரேம்ப் இல்ல, சாமான் ஏத்துறதுக்குப் போட்ட சறுக்கு. நீளம் ஒன்றரை மீட்டர். அளவுகோல்படி ஒண்ணுக்கு பன்னெண்டு வேணும். அதாவது 45 சென்டிமீட்டர் உயரம் ஏறணும்னா 5 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளம் வேணும். நம்மளது மூணு மடங்குக்கு மேல செங்குத்து. அதுல மழை பெஞ்ச அன்னிக்கு ஐயாவை இறக்கினப்ப ரெண்டு பேர் சறுக்கினோம். நல்லவேளை, அவரை விடல.

அந்த ஐயா யாருன்னு இளசுகளுக்குத் தெரியாது. தோட்டத்துல இருந்து இந்தக் கோயிலை இங்க மாத்திக் கட்டினப்ப, ஞாயித்துக்கிழமை தன் லாரியில மணலும் கல்லும் இலவசமா ஏத்திட்டு வந்தவரு. அந்த மூணு படிக்கும் சிமெண்ட் கலக்கினதுல அவர் கையும் இருக்கு. இப்ப அந்தப் படிக்குக் கீழ, செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து, தூரத்துல தெரியுற தீபாராதனையைப் பார்த்து கும்பிட்டுட்டுப் போறாரு. யார்கிட்டயும் குறை சொன்னதில்ல. குறை சொல்லலைன்னா குறை இல்லைன்னு நாம நினைச்சுட்டோம்.

"தூக்கிட்டுப் போறோமே" என்பீங்க. தூக்கினோம். நாங்களும்தான் தூக்கினோம், பெருமையா. நாலு பேர் நாலு பக்கம் பிடிச்சு, கீழ இருந்து ஒருத்தர் போட்டோ எடுத்து, பேஸ்புக்ல போட்டு, "சேவையே சிவம்"னு எழுதி, லைக் எண்ணினோம். இப்ப அதை நினைச்சா கூச்சமா இருக்கு. அன்னிக்கு அக்காகிட்ட போய் "வாங்கக்கா தூக்குறோம்"னோம். அக்கா ஒரே வார்த்தையில "வேணாம்"னாங்க. அப்புறம் தனியா சொன்னாங்க: "சேலை கட்டிட்டு நாலு ஆம்பளைங்க கையில தொங்கிட்டுத்தான் அம்மனைப் பார்க்கணும்னா, அம்மனே என்னைப் பார்க்க வரட்டும்." அவங்க கோயிலுக்கு வர்றதைக் குறைச்சுட்டதுக்குக் காரணம் உடம்பு சரியில்லைன்னு நாம பேசிட்டு இருந்தோம். உடம்பு நல்லாத்தான் இருக்கு.

இதுல தூக்குறவங்க பாதுகாப்பும் இருக்கு. எழுதுற கை பேக்டரி சூப்பர்வைசர் கை, அதனால இதைச் சொல்லாம இருக்க முடியல. எங்க பேக்டரியில ஒரு ஆள் தனியா பெரிய எடையைத் தூக்கினா நாங்க சத்தம் போடுவோம், முதுகு போயிடும். பேலட் 800 கிலோ, அதைப் படியில தூக்கிட்டு வாங்கன்னு எவனாவது சொன்னா சிரிப்பாங்க. லோடிங் பே-ல ரேம்ப் இருக்கு, பேலட் ஜாக் இருக்கு, தரையில ஒரு சின்ன வெடிப்பு விழுந்தாலும் மெயின்டனன்ஸ் வந்து பூசிட்டுப் போவாங்க, சக்கரம் தட்டக் கூடாதுன்னு. பெயிண்ட் டின்னுக்குக் கிடைக்கிற மரியாதை அது.

பேக்டரியை விடுங்க. நம்ம ரதத்தை எடுத்துக்கங்க. ரதம் ஊர்வலம் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நாங்க ரோட்டுல நடந்து பார்ப்போம். குழி இருக்கா, மேடு இருக்கா, மரக்கிளை தட்டுமா, மின்கம்பி தாழ்ந்து இருக்கா. நகராட்சிக்குக் கடிதம், போலீஸ் அனுமதி, கேபிளைத் தூக்கிப் பிடிக்க ஆள். சாமி சக்கரத்துல வந்தா தெரு முழுக்கத் தண்ணி ஊத்தி, கோலம் போட்டு, தேங்காய் உடைச்சு வரவேற்குறோம். அதே தெருவுல ஒரு மனுஷன் சக்கரத்துல வந்தா, வாசல்ல நிறுத்தி "சக்கரம் ரோட்டு அழுக்கு, உள்ள வரக்கூடாது"ன்னு சொல்றோம்.

அதுவும் அன்னிக்கு நடந்துச்சு. பண்ணையில இருந்து நேரா கோயிலுக்கு வந்து தீபாராதனை பார்த்துட்டு வீட்டுக்குப் போறதா ஏற்பாடு. தம்பி வீல்சேர் சக்கரத்துல ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருந்துச்சு. ஒரு அம்மா பார்த்துட்டு "சீச்சீ, இதைக் கொண்டு உள்ள வராதீங்க"ன்னாங்க. நியாயம்தான், புழுக்கையோட உள்ள போகக் கூடாது. குழாயைத் திறந்து கழுவினோம், ஈரத்துணியால துடைச்சோம், ரெண்டு நிமிஷ வேலை. அப்பவும் "என்ன இருந்தாலும்"னு இழுத்தாங்க. அம்மா, அதே கோயில்ல கோபூஜைக்கு மாடு வந்து நின்னு மண்டபத்துலயே போட்டப்ப, நல்ல சகுனம்னு கன்னத்துல போட்டுக்கிட்டீங்க. நாங்கதான் அள்ளினோம், ஞாபகம் இருக்கு.

குருக்கள் ஐயாகிட்ட இதைப் பத்திக் கேட்டோம். சாக்குச் சொல்றவங்க ஆகமம் ஆகமம்னு சொல்றதால, தெரிஞ்சவர்கிட்டயே கேட்டுடுவோம்னு போனோம். வெளி மண்டபம் வரைக்கும் துடைச்ச சக்கரம் வர்றதுல தனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லைன்னு சொன்னாரு. கருவறைக்குள்ள போகணும்னு யார் கேட்டா? நடக்குறவங்களே போறதில்ல. அர்த்த மண்டபத்துக்கு வெளிய நின்னு எல்லாரும் பார்க்குற இடத்துல இருந்து பார்க்கணும், அவ்வளவுதான். இதுவும் வேணாம்னா, கோயிலுக்குன்னே ரெண்டு வீல்சேர் வாங்கி உள்ளேயே வச்சுடலாம். வாசல்ல மாறி உட்கார்ந்துக்கலாம். வெளி சக்கரம் வெளிய, உள் சக்கரம் உள்ள.

பத்துமலையில 272 படி இருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்கன்னு ஒருத்தர் மடக்கினாரு. அது குகை, மலை மேல இருக்கு, இயற்கையே அப்படி. அங்க படி வந்ததுக்கு ஒரு காரணம் உண்டு. நம்ம கோயில் தாமானுக்குள்ள சமதரையில இருக்கு. நம்ம படி மலையால வரல. அழகா இருக்கட்டும்னு நாமளே கட்டினது.

காசு. கடைசியில எல்லாரும் இங்கதான் வந்து நிப்பீங்க. தெரிஞ்ச கான்ட்ராக்டர்கிட்ட விலை கேட்டோம். பக்கவாசல்ல பழைய சறுக்கை உடைச்சு, சரியான நீளத்துல, நடுவுல திருப்பி, வழுக்காத தரை, ரெண்டு பக்கமும் கைப்பிடியோட 6,500 வெள்ளி சொன்னாரு. உபயமா செய்யறதா இருந்தா கூலியில குறைக்கிறேன்னும் சொன்னாரு. போன திருவிழாவுக்கு வாணவேடிக்கைக்கும் எல்இடி திரைக்கும் என்ன ஆச்சுன்னு வரவு செலவு அறிக்கையில இருக்கு, நீங்களே எடுத்துப் பாருங்க. திரை வேணாம்னு சொல்லல. அந்தத் திரையில யாரைக் காட்டினோம்? உள்ள வந்து பார்க்க முடியாதவங்க வெளிய இருந்து பார்க்கட்டும்னுதானே வச்சோம். அப்ப வெளிய யாரோ இருக்காங்கன்னு நமக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு.

பண்ணை விஷயத்துலயும் எங்க தப்பு இருக்கு. ஒத்துக்குறோம். "போலே"யை நம்பி கிளம்பினது தப்பு. இனிமே எந்த இடத்துக்கு குடும்ப தினம் போட்டாலும், "வீல்சேர் வரலாமா"ன்னு கேட்க மாட்டோம். தரை என்ன தரை, எத்தனை படி, மிகச் சின்ன கதவு எத்தனை சென்டிமீட்டர்னு கேட்போம். ஓகேயு டாய்லெட்டைத் திறந்து இப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு கேட்போம். மூடின கதவு போட்டோ வேணாம், திறந்தது. நிழல் எங்க, தண்ணி எங்க. பதில் சரியில்லைன்னா ரெண்டு பஸ் ஆளும் வேற இடத்துக்குப் போவோம், காரணத்தையும் அவங்ககிட்ட சொல்லிட்டுப் போவோம். நூறு டிக்கெட்டு போச்சுன்னா இயற்கையும் சிமெண்ட்டும் சமாதானம் ஆயிடும். இந்தத் தடவ பண்ணைக்கும் மலாய்ல ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கோம், அளவோட. அந்த பிளைவுட் தம்பியைப் பாராட்டியும் ஒரு பத்தி சேர்த்திருக்கோம், முதலாளிக்குத் தெரியணும்.

ஆனா கடிதத்தை எழுதும்போது கை நின்னு போச்சு. அவங்க திருப்பி, "உங்க கோயில்ல எப்படி?"ன்னு ஒரு வரி கேட்டா நாங்க என்ன பதில் எழுதுறது? இதுக்காகத்தான் இந்தப் பதிவு.

நிர்வாகத்துக்கு மனு குடுத்தாச்சு. தலைவர் ஐயா படிச்சுட்டு, "பொதுக்கூட்டத்துல வைங்க, ஆதரவு இருந்தா செய்யலாம்"னு சொல்லியிருக்காரு. அதனால ஆதரவு வேணும், கைகூப்பு ஸ்டிக்கர் இல்ல, ஆள் வரணும். வர்ற ஞாயிறு காலையில அபிஷேகம் முடிஞ்சு 9 மணிக்கு பக்கவாசல்ல நிப்போம். சாக்பீஸால தரையில 5 மீட்டர் 40 கோடு போட்டுக் காட்டுறோம், எங்க இருந்து எங்க வரும்னு எல்லாரும் பார்த்துக்கலாம், குறை இருந்தா அங்கேயே சொல்லுங்க. அக்கா வர்றாங்க, ஐயா வர்றாரு, தம்பியும் வர்றான். வாய்ஸ் மெசேஜ் போட்ட அண்ணே, நீங்களும் கட்டாயம் வரணும். ஒரு வீல்சேர் காலியா வச்சிருப்போம். நீங்க உட்காருங்க, அந்தப் பழைய சறுக்குல நாங்க உங்களை ஏத்தி இறக்குறோம்.